கர்சர் தாவ மறுத்தால் எங்கே பார்ப்பது

வேறொருவர் எழுதிய பெரிய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒரு பெயரிலிருந்து அது எழுதப்பட்ட இடத்துக்கு கர்சரைத் தாவவைக்கும் குறுக்கு விசைகள் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எப்போதோ ஒரு தடவை அழுத்திப் பார்த்திருப்பார்கள், ஒன்றும் நடந்திருக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பில் கொண்டுபோய் விட்டிருக்கும், அதோடு நம்பிக்கை போயிருக்கும். அந்த விசைகள் வேலை செய்யாததற்கு அநேகமாக எப்போதும் ஒரு சின்னக் காரணம்தான் இருக்கும், அதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். உங்களுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

டெர்மினலில் ஓடும் விம் என்ற எடிட்டரை வைத்துத்தான் எழுதுகிறேன், கடைசியில் விஎஸ் கோட் என்ற எடிட்டரும் கொஞ்சம் வரும். காரணம், சிங்கப்பூரில் வங்கி வேலை, அரசாங்க வேலை என்று போனால் நமக்குப் பிடித்த எடிட்டரையும் ப்ளகின்களையும் கொண்டுபோக முடியாத இடங்கள் நிறைய. பொதுச் சேவை அதிகாரிகளின் வேலைக் கணினிகளிலிருந்து இணையத்தைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு 2017-இல் வந்தது. அந்த மாதிரிச் சூழலில், நடுவில் ஒரு சர்வர் வழியாக உள்ளே நுழைந்தால் அங்கே இருப்பது வெறும் விம் மட்டும்தான், எதையும் இறக்கி நிறுவ அனுமதி கிடையாது. அதனால் ப்ளகின் எதுவும் இல்லாமல் கூடவே வரும் வசதிகளுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு, இங்கே பலரும் பழகுவதற்காக எழுதிப் பார்க்கும் பேருந்து வருகைச் செயலியை எடுத்துக்கொள்வோம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொதுத் தரவுத் தளமான டேட்டாமால் தரும் விவரங்களை வாங்கி, அடுத்த பேருந்து எப்போது வரும், இடம் இருக்குமா என்று காட்டும் செயலி. கட்டளைகளை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுகிறேன்: ‘ஜிடி’ என்றால் ஜி, டி (‘டவுன்’ என்பதன் முதல் எழுத்து) விசைகளை அடுத்தடுத்துத் தட்டுவது. ஷிஃப்ட் வேண்டிய இடத்தில் பெரிய எழுத்து என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை. :பிடபிள்யூடி என்று அடித்து, எடிட்டர் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்று பாருங்கள். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன. திட்டத்தின் தலைமை ஃபோல்டரில், அதாவது .ஜிட் இருக்கும் இடத்தில் நின்று திறந்தால் தேடுவதும் தாவுவதும் ஒழுங்காக நடக்கும். வீட்டு ஃபோல்டரில் நின்றுகொண்டு நீளமான பாதையைக் கொடுத்து ஒரு கோப்பை மட்டும் திறந்தால், சுற்றியிருக்கும் மற்றக் கோப்புகளைப் பற்றி எடிட்டருக்கு ஒன்றும் தெரியாது. :சிடி கொடுத்துச் சரியான இடத்துக்கு வந்துவிட்டு மேலே படியுங்கள்.

“ஃபங்ஷன் பெயர் மேல் நின்று கன்ட்ரோல் + ] அழுத்துகிறேன், போகவே மாட்டேன் என்கிறது”

கீழே என்ன செய்தி வருகிறது என்று கவனியுங்கள், எண்ணோடு வரும். அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை, பாதி விடை அங்கேயே இருக்கிறது.

இ433 வந்தால் டேக்ஸ் கோப்பே கிடைக்கவில்லை என்று அர்த்தம். விம் தானாக நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை, எந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற அட்டவணையை சிடேக்ஸ் என்ற தனி நிரல் உருவாக்கித் தரவேண்டும். திட்டத்தின் தலைமை ஃபோல்டரில் நின்று ‘சிடேக்ஸ் -ஆர் .’ கொடுத்தால் (அந்த ஆர் பெரிய எழுத்து) டேக்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும். ஜாவாஸ்கிரிப்ட் திட்டமாக இருந்தால் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை --எக்ஸ்க்ளூட் போட்டு ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டவணை ஊதிப்போய் உங்கள் சொந்த ஃபங்ஷன்கள் அதற்குள் தொலைந்துபோகும்.

கோப்பு இருந்தும் இ433 வருகிறதா? :செட் டேக்ஸ்? என்று கேட்டுப் பாருங்கள். விம்மில் வழக்கமான மதிப்பு ./டேக்ஸ்,டேக்ஸ் என்று இருக்கும். அதாவது திறந்திருக்கும் கோப்பின் ஃபோல்டரில் தேடும், இப்போது நிற்கும் ஃபோல்டரில் தேடும், அவ்வளவுதான், மேலே ஏறிப் போகாது. ./டேக்ஸ்; என்று பின்னால் ஓர் அரைப்புள்ளி சேர்த்தால் ஃபோல்டர் ஃபோல்டராக மேலே ஏறித் தேடும். விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மில் இந்த அரைப்புள்ளி முதலிலேயே இருக்கிறது. ஒரே அமைப்புக் கோப்பு ஒரு கணினியில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இ426 என்றால் கதை வேறு: அட்டவணை கிடைத்துவிட்டது, அந்தப் பெயர்தான் அதில் இல்லை. ஒன்று, அட்டவணை எடுத்த பிறகு அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கும், மறுபடி சிடேக்ஸை ஓட்டினால் சரியாகிவிடும். இரண்டாவது காரணம்தான் ஆட்களை மணிக்கணக்கில் சுற்றவிடும். உங்கள் சிடேக்ஸ் பழையது. ‘சிடேக்ஸ் --வெர்ஷன்’ கொடுத்து, எக்ஸுபரன்ட் என்று வருகிறதா, யுனிவர்சல் என்று வருகிறதா என்று பாருங்கள். எக்ஸுபரன்ட் சிடேக்ஸின் 5.8 பதிப்பு 2009-இல் வந்தது, அதோடு நின்றுபோனது. கோ, ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் எல்லாம் அதற்குத் தெரியாது, அந்தக் கோப்புகளை ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். அதன் தொடர்ச்சியாக வளர்வதுதான் யுனிவர்சல் சிடேக்ஸ். எந்தெந்த மொழி தெரியும் என்பதை --லிஸ்ட்-லாங்குவேஜஸ் காட்டும்.

மேக்கில் -ஆர் கொடுத்ததும் ‘இல்லீகல் ஆப்ஷன்’ என்று திட்டினால், ஆப்பிள் கூடவே தரும் பிஎஸ்டி சிடேக்ஸ் ஓடுகிறது. ஹோம்ப்ரூ வழியாக யுனிவர்சல் சிடேக்ஸை நிறுவிவிட்டு, ‘விச் சிடேக்ஸ்’ கொடுத்துப் புதியதுதான் முதலில் அகப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இ435 வந்து ‘ஊகிக்கிறேன்’ என்ற மாதிரி ஒரு செய்தி காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. அட்டவணையில் வரி எண்ணுக்குப் பதிலாக அந்த வரியின் வாசகம்தான் வழக்கமாகச் சேமிக்கப்படும். அதனால் மேலே நீங்கள் இருபது வரி சேர்த்தாலும் தாவுதல் தப்பாது, ஆனால் ஃபங்ஷனின் தலைப்பு வரியையே மாற்றிவிட்டால் பழைய வாசகம் கிடைக்காமல் பக்கத்தில் எதையாவது பிடித்துக் காட்டும். அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. இதைக் கையால் செய்துகொண்டிருக்காமல் ஜிட்டின் போஸ்ட்-கமிட் ஹுக்கில் ஒரு வரி எழுதி வையுங்கள். டேக்ஸ் கோப்பு தவறிப்போய் கமிட்டில் சேராமல் இருக்க .ஜிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூடில் அதன் பெயரைப் போட்டுவிட்டால், குழுவின் பொதுவான ஜிட்இக்னோரைத் தொடத் தேவையில்லை.

“தாவுகிறது, ஆனால் தப்பான இடத்துக்கு”

ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கின்றன. வருகைச் செயலியில் ‘பார்ஸ்’ என்ற பெயரில் பேருந்துக்கு ஒன்று, நிறுத்தத்துக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று இருக்கலாம், கன்ட்ரோல் + ] அதில் முதலாவதாகக் கிடைப்பதற்குக் கொண்டுபோய் விடும். அதை மறந்துவிட்டு, ஜி தட்டி அப்புறம் கன்ட்ரோல் + ] அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் நேராகப் போகும், பல இருந்தால் பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். இதையே வழக்கமான விசையாக மாற்றி வைப்பது நல்லது என்பது என் அழுத்தமான கருத்து. ஏற்கனவே தப்பான இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்றால் :டிநெக்ஸ்ட் அடுத்ததைக் காட்டும்.

பைதானில் தாவினால் உண்மையான இடத்துக்குப் போகாமல் இம்போர்ட் வரியிலேயே போய் நிற்கிறதா? பழைய எக்ஸுபரன்ட் சிடேக்ஸ் இம்போர்ட்களையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும். --பைதான்-கைண்ட்ஸ்=-ஐ (கடைசி ‘ஐ’ ஆங்கில எழுத்து) என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

‘ஜிடி’ தப்பாகப் போகிறது என்ற புகாரும் வரும். அதற்கு மொழி தெரியாது. இந்த ஃபங்ஷனின் ஆரம்பம் எது என்று ஊகித்து, அங்கிருந்து அந்தச் சொல் முதலில் வரும் இடத்தைக் காட்டும், அவ்வளவே. ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒரு மாறி எங்கே பிறந்தது என்று பார்க்கத்தான் அது, வேறு கோப்புக்கெல்லாம் அது கூட்டிப்போகாது.

“விசையை அழுத்தினால் வேறு என்னமோ நடக்கிறது”

இங்கே எடிட்டர் மேல் தப்பே இல்லை. நீங்கள் அழுத்துவது எடிட்டருக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் நடுவில் ஒருவர் பிடுங்கிக்கொள்கிறார்.

தூரக் கணினிக்குள் நுழையும் பழைய நிரலான டெல்நெட் வழியாக உள்ளே போயிருந்தால் கன்ட்ரோல் + ] டெல்நெட்டின் சொந்த விசை, அதன் கட்டளை வரிக்குக் கொண்டுபோய்விடும். அந்த இடத்தில் ‘ஜி]’ பயன்படுத்துங்கள், அதில் கன்ட்ரோலே கிடையாது, பட்டியல் காட்டித் தாவ விடும். பிரவுசருக்குள் ஓடும் தூர டெஸ்க்டாப் என்றால் இன்னும் மோசம்: கன்ட்ரோல் + டபிள்யூ அழுத்தி அடுத்த சன்னலுக்குப் போக நினைப்பீர்கள், பிரவுசரின் டேபே மூடிவிடும். :வின்சிஎம்டி கட்டளையோடு எல், ஹெச் எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் அதே வேலை நடக்கும். எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறப்பதும் பிரவுசரின் வேலைதான். மேக்கில் எஃப்12 சத்தத்தைக் கூட்டும், கூடவே எஃப்என் விசையையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் டீமக்ஸ் உள்ளே இருந்தால் கன்ட்ரோல் + பி அதற்குப் போய்விடும், ஒரு பக்கம் மேலே போகாது. இரண்டு முறை அழுத்தினால் இரண்டாவது உங்களுக்கு வரும்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. டேப் விசைக்கு ஏதாவது வேலை கொடுத்து மாற்றி வைத்திருக்கிறீர்களா? வழக்கமான டெர்மினலில் டேபும் கன்ட்ரோல் + ஐயும் ஒரே குறியீடு. டேபை மாற்றினால், முன்னோக்கிப் போகும் கன்ட்ரோல் + ஐ செத்துவிடும்.

“போய்ப் பார்த்தேன், திரும்பி வரத் தெரியவில்லை”

இந்தக் கோளாறைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். திரும்ப முடியும் என்ற தைரியம் இல்லாதவர்கள் தாவவே பயப்படுவார்கள், அதனால்தான் உருட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

திரும்ப இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வழி தப்புகிறது. கன்ட்ரோல் + டி (‘டேக்’கின் முதல் எழுத்து), டேக் வழியாகத் தாவிய இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவிழ்க்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் போய், அதற்குள் தேடி, உருட்டி, என்ன செய்திருந்தாலும் சரி, ஒரு கன்ட்ரோல் + டி உங்களை அழைத்த இடத்துக்கே கொண்டுவந்துவிடும். கன்ட்ரோல் + ஓ அப்படியில்லை, எல்லா வகைத் தாவல்களையும் வந்த வழியே திருப்பும், கன்ட்ரோல் + ஐ அதே வழியில் மறுபடி முன்னே போகும். :டேக்ஸ், :ஜம்ப்ஸ் என்று அடித்தால் இரண்டு பட்டியல்களையும் கண்ணால் பார்க்கலாம்.

கன்ட்ரோல் + ஓ அழுத்தினால் நான் நின்ற இடத்துக்கு வரவில்லை, வேறு எங்கோ போகிறது என்கிறீர்களா? ஜே, கே விசைகளால் நகர்ந்ததும், கன்ட்ரோல் + டி வைத்துப் பாதிப் பக்கம் உருட்டியதும் தாவலாகக் கணக்கில் சேராது (ஆமாம், கன்ட்ரோல் + டி என்று தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. டேக்கிலிருந்து திரும்புவது ‘டேக்’கின் முதல் எழுத்து, பாதிப் பக்கம் இறங்குவது ‘டவுன்’ என்பதன் முதல் எழுத்து). தேடல், பெரிய ஜி, %, அடைப்புக்குறித் தாவல், புதுக் கோப்பைத் திறப்பது, இவை போன்றவைதான் சேரும். அதனால் ஓர் இடத்தை விட்டு உருட்டிக்கொண்டு நகரப் போகிறீர்கள், திரும்ப வேண்டியிருக்கும் என்று தோன்றினால் எம் தட்டி ஒற்றை மேற்கோள்குறி போடுங்கள், அந்த இடம் பட்டியலில் ஏறிவிடும்.

இன்னும் ஒரு கவனம்: இந்தப் பட்டியல் சன்னலுக்குச் சன்னல் தனி. திரையைப் பிரித்து வலது பக்கம் தாவிவிட்டு இடது பக்கம் வந்து கன்ட்ரோல் + ஓ அழுத்தினால் அது தன் சொந்த வரலாற்றைத்தான் காட்டும்.

நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரவேண்டிய இடங்களுக்குப் பெரிய எழுத்துக் குறி வையுங்கள். வருகை நேரத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனில் நின்று எம் தட்டிப் பெரிய ஏ தட்டினால், எந்தக் கோப்பில் இருந்தாலும் ஒற்றை மேற்கோள்குறியும் பெரிய ஏயும் உங்களை அங்கே கொண்டுபோகும். சின்ன எழுத்துக் குறி அந்தக் கோப்புக்குள் மட்டும்தான், ‘வைத்த குறி காணாமல் போய்விட்டது’ என்ற புகார் அங்கிருந்துதான் வருகிறது.

கடைசியாகத் திருத்திய இடம் எது என்று மறந்துவிட்டால் ‘ஜி;’ தட்டுங்கள், தட்டத் தட்டத் திருத்தங்கள் வழியாகப் பின்னே போகும். நிரலும் அதன் சோதனைக் கோப்பும் என்று இரண்டுக்கு நடுவே மாறி மாறிப் போக கன்ட்ரோல் + 6.

“தேடினால் குப்பையாக வருகிறது” / “இருப்பது தெரியும், தேடினால் வரவில்லை”

டேட்டாமால் தரும் பேருந்து விவரத்தில் ‘லோடு’ என்று ஒரு புலம் இருக்கிறது. அதன் மதிப்பு எஸ்இஏ என்றால் உட்கார இடம் உண்டு, எஸ்டிஏ என்றால் நிற்க இடம் உண்டு, எல்எஸ்டி என்றால் நிற்பதற்கும் இடம் குறைவு. இப்போது செயலிக்குள் எஸ்இஏ எங்கெல்லாம் கையாளப்படுகிறது என்று தேடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத இக்னோர்கேஸ் மட்டும் போட்டிருந்தால் ‘செர்ச்’, ‘ரிசெர்ச்’ என்ற சொற்களெல்லாம் வந்து நிற்கும், அவற்றின் ஆங்கில எழுத்துகளுக்குள் அந்த மூன்றும் இருக்கின்றன. கூடவே ஸ்மார்ட்கேஸும் போட்டால், பெரிய எழுத்தில் தேடும்போது பெரிய எழுத்தை மட்டும் பிடிக்கும். சரி, தீர்ந்தது என்று நினைத்து ‘லோடு’ மேல் நின்று * தட்டினால், சின்ன எழுத்து ‘லோடு’களும் சேர்ந்து வரும். ஏனென்றால் * ஸ்மார்ட்கேஸை மதிப்பதில்லை. தேடல் வரியின் கடைசியில் \ போட்டுப் பெரிய சி சேர்த்தால் எழுத்து வேறுபாட்டை அந்த ஒரு தேடலுக்குக் கட்டாயமாக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த மூன்று பேருந்துகளுக்கு நெக்ஸ்ட்பஸ், நெக்ஸ்ட்பஸ்2, நெக்ஸ்ட்பஸ்3 என்று மூன்று புலங்கள். முதலாவதன் மேல் நின்று * தட்டினால் அது மட்டும்தான் வரும், முழுச்சொல்லாகத் தேடுகிறது. மூன்றும் வேண்டுமென்றால் ‘ஜி*’. சிஎஸ்எஸ் மாதிரி நடுவில் சிறுகோடு வரும் பெயர்களில் பாதி மட்டும் பிடித்தால் :செட் இஸ்கீவேர்டு+=- போடுங்கள்.

எல்லாக் கோப்புகளிலும் தேட :விம்கிரெப் மெதுவாக இருக்கிறது என்றால், அது ஒவ்வொரு கோப்பையும் எடிட்டருக்குள் ஏற்றிப் பார்ப்பதால்தான். :கிரெப் -ஆர்டபிள்யூ கொடுத்தால் வெளியே இருக்கும் கிரெப் ஓடும், :கோப்பன் என்று ஒலிக்கும் சி-ஓப்பன் கட்டளை விடைகளைப் பட்டியலாகத் திறக்கும், :சிநெக்ஸ்ட் அடுத்ததற்குப் போகும். ரிப்கிரெப் என்ற தேடல் நிரல் இருந்தால் இன்னும் வேகம். ஆனால் ரிப்கிரெப்பில் ‘இருப்பது தெரியும், வரவில்லை’ என்றால் ஜிட்இக்னோரைப் பாருங்கள். அதில் இருப்பதையும், புள்ளியில் ஆரம்பிக்கும் மறைவான கோப்புகளையும் அது தொடுவதில்லை. -யு ஒன்று போட்டால் ஜிட்இக்னோரை விட்டுவிடும், -யுயு மறைவானவற்றையும் சேர்த்துக்கொள்ளும்.

“ஜிஎஃப் தட்டினால் இ447”

கோப்பின் பெயர் மேல் நின்றால் திறக்கவேண்டும், திறக்கவில்லை. டைப்ஸ்கிரிப்ட் இம்போர்ட்டில் பின்னொட்டு எழுதாததால் விம்முக்குப் பெயர் பொருந்தவில்லை: :செட் சஃபிக்சஸ்ஆட்=.டிஎஸ்,.ஜேஎஸ். பைதானுக்கு இதெல்லாம் தயாராகவே வருகிறது, புள்ளியைச் சாய்கோடாக மாற்றுவது உட்பட, ஆனால் ஃபைல்டைப் ப்ளகின் ஆன் ஆகியிருக்க வேண்டும். பிழைச்செய்தியில் கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண் என்று இருந்தால், ஜி தட்டிப் பெரிய எஃப் தட்டுங்கள், அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும்.

“வரி எண் கொடுத்துப் போனேன், அந்த வரியையே காணோம்”

பல வரிகளை ஒரே வரியாகச் சுருக்கி மறைக்கும் மடிப்புக்குள் இருக்கிறது. தேடலும் டேக்கும் மடிப்பைத் தானாகத் திறக்கும், வரி எண் தாவல் திறக்காது. ‘இசட்வி’ திறந்து காட்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் :செட் ஃபோல்டுஓப்பன்+=ஜம்ப்.

விஎஸ் கோடிலும் லாங்குவேஜ் சர்வர்களிலும்

எடிட்டரும், மொழியை அலசும் லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரலும் பேசிக்கொள்ளும் முறையாக, 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்த பிறகு, மொழியை உண்மையாகவே புரிந்துகொண்டு தாவ முடிகிறது. அனுமதி இருக்கும் இடத்தில் இதைத்தான் பயன்படுத்துங்கள், டேக்ஸ் இரண்டாம்பட்சம். ஆனால் இதிலும் தாவல் நடக்கவில்லை என்றால் கேள்வி பழையதுதான்: எந்த ஃபோல்டரைத் திறந்தீர்கள்? ஒரு கோப்பை மட்டும் இழுத்துப் போட்டுத் திறந்தால் சர்வருக்குத் திட்டம் எதுவென்றே தெரியாது.

ஃபோல்டர் சரி, இருந்தும் எதுவும் நடக்கவில்லை என்றால் ரெஸ்ட்ரிக்டட் மோட் என்று எங்காவது தெரிகிறதா பாருங்கள். 2021-இல் வந்த வசதி அது, ஃபோல்டரை நம்புகிறீர்களா என்று கேட்டபோது அவசரத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் பல எக்ஸ்டென்ஷன்கள் முடங்கிக் கிடக்கும். பைதானில் உங்கள் கோப்புகளுக்குள் தாவுகிறது, நிறுவிய நூலகங்களுக்குள் தாவவில்லை என்றால் வேறு இன்டர்பிரெட்டர் தேர்வாகியிருக்கிறது, திட்டத்தின் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். டைப்ஸ்கிரிப்டில் வகை விவரம் மட்டும் இருக்கும் .டி.டிஎஸ் கோப்பில் போய் நின்று உண்மையான நிரலைக் காட்டவில்லை என்றால் ‘கோ டு சோர்ஸ் டெஃபினிஷன்’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது, டைப்ஸ்கிரிப்ட் 4.7 முதல் கிடைக்கிறது.

சி++ எழுதுபவர்களுக்கு: அந்த மொழியின் லாங்குவேஜ் சர்வரான கிளாங்டிக்கு ஒவ்வொரு கோப்பும் எப்படி கம்பைல் ஆகிறது என்று தெரிந்தால்தான் ஹெடர்களைக் கண்டுபிடிக்கும். அந்த விவரம் கம்பைல்_கமாண்ட்ஸ் என்ற ஜேசன் கோப்பில் இருக்கவேண்டும். சிமேக் என்ற பில்டு கருவியில் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் மாறியை ஆன் செய்தால் அதுவே எழுதித் தரும், வெறும் மேக்ஃபைல் வைத்து கம்பைல் செய்தால் பேர் என்ற கருவி, கம்பைல் ஓடும்போது பக்கத்தில் இருந்து கவனித்து எழுதிவிடும். கோப்பு திட்டத்தின் தலைமை ஃபோல்டரிலோ அதற்குள் பில்டு ஃபோல்டரிலோ இருந்தால் கிளாங்டி தானாகவே எடுத்துக்கொள்ளும். வேறு பெயரில் உள்ள ஃபோல்டரில் உருவானால், தலைமை ஃபோல்டரிலிருந்து அதற்கு ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டு சர்வரை மறுபடி துவக்குங்கள்.